விழுந்த தண்ணீர் திரும்பி வருமா? இதயத்தைக் கையால் படிக்கலாம், வாங்க!

உங்கள் வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இதயம் என்ன வேலை செய்யுது?" பல வீடுகளில் வரும் பதில் இதுதான்: "ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது." பெரியவர்களும் இதையே சொல்வார்கள். சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வந்த சொற்கள் செய்த வேலை அது.

உண்மையில் இதயம் எதையும் சுத்தம் செய்வதில்லை. கழிவை வடிகட்டுவது சிறுநீரகம். கரியமில வாயுவை வெளியே விட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொள்வது நுரையீரலில் நடக்கும் வேலை. இதயம் ஒரு பம்பு. வந்த ரத்தத்தை ஒரே திசையில் தள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்த "ஒரே திசை" என்ற சொல்லைப் படம் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். புத்தகத்தில் சிவப்பும் நீலமுமாக அம்புக்குறிகள் இருக்கும். பிள்ளைகள் அதை வரைந்து மார்க்கும் வாங்கிவிடுவார்கள். கையை நனைத்துச் செய்து பார்த்தால்தான் விஷயம் உள்ளே இறங்கும்.

அதற்கு லேப் தேவையில்லை. காலி வாட்டர் பாட்டில், வாளி, சாக்பீஸ், உங்கள் செல்போன் போதும். தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று கையருகே இருக்கிறது: ஐந்தருவி. அது எதற்கு என்பதைப் பிறகு பார்ப்போம்.

நாடியைக் கண்ணால் பார்ப்பது

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, இரண்டு விரலை வைத்தால் நாடி துடிப்பது தெரியும். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். துடிப்பு கிடைத்த இடத்தில் சுண்டைக்காய் அளவு களிமண்ணை ஒட்டி, அதில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் செங்குத்தாகக் குத்துங்கள். கையை மேசை மேல் அசையாமல் வைத்தால் ஈர்க்கின் நுனி மெல்ல மெல்ல ஆடும். முதல் முறை அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அதுவே பாதிப் பாடம்.

செல்போனில் இன்னொரு வழி இருக்கிறது. டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கேமராவையும் டார்ச்சையும் சேர்த்து ஒரு விரல் நுனியால் மூடுங்கள். திரை முழுக்கச் சிவப்பாகும். கூர்ந்து பார்த்தால் அந்தச் சிவப்பு லேசாகக் கூடிக் குறைவது தெரியும். ஒவ்வொரு துடிப்பின்போதும் விரல் நுனிக்குக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் வருகிறது, அது கொஞ்சம் அதிகமாக வெளிச்சத்தை விழுங்குகிறது. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கிளிப் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். டார்ச் சூடாகும், அரை நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

இப்போது எண்ணுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். ஒரு நிமிடம் ஸ்கிப்பிங் ஆடிவிட்டு மறுபடி எண்ணுங்கள். பிறகு உட்கார்ந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் எண்ணி, பழைய எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு கட்டத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம், பயப்பட வேண்டாம்.

அந்தச் சத்தம் எதனுடையது?

1816-ல் பாரீஸில் ரெனே லேனெக் என்ற மருத்துவர், நோயாளியான ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்கத் தயங்கினார். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரே காது வைப்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இது. நீங்களும் ஒரு காலண்டர் அட்டையைச் சுருட்டி ஆரம்பிக்கலாம். இன்னும் நன்றாகக் கேட்க, மண்ணெண்ணெய் ஊற்றும் சின்னப் புனலின் மூக்கில் ஒரு முழ நீள ரப்பர் டியூபைச் செருகுங்கள். புனலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டுங்கள். புனல் மார்பின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் இருக்கட்டும், டியூபின் மறுமுனையைக் காதருகே பிடியுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

லப்... டப். லப்... டப்.

இது இதயம் சுருங்கும் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது கதவு சாத்தும் சத்தம். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இரண்டு வால்வுகளும் மூடும்போது "லப்". கீழறையிலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசல்களில் உள்ள இரண்டு வால்வுகளும் மூடும்போது "டப்". மொத்தம் நான்கு கதவுகள். பாடப் புத்தகம் மேலறையை ஆரிக்கிள், கீழறையை வெண்ட்ரிக்கிள் என்று சொல்லும். பெயரைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம், முதலில் கதவைப் பிடியுங்கள்.

மூன்று பாட்டில், இரண்டு விரல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செயல்பாட்டுக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய டியூப் இரண்டு துண்டு வேண்டும். இணையத்தில் பல வீடியோக்களில் ஸ்ட்ரா வைத்துச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, டியூபே நல்லது, விரலால் நசுக்கவும் வசதி. முதல் பாட்டிலின் மூடியில் டியூபுக்கு ஒரு துளை, காற்றுக்கு ஒரு சின்னத் துளை. நடுப் பாட்டில் மூடியில் டியூபுக்கு இரண்டு துளைகள். மூன்றாவதுக்கு மூடியே வேண்டாம். முதல் டியூப், ஒன்றாம் பாட்டிலின் அடிவரை போய் நடுப் பாட்டிலுக்குள் வர வேண்டும். இரண்டாவது டியூப், நடுப் பாட்டிலின் அடியிலிருந்து கிளம்பி மூன்றாம் பாட்டிலுக்குப் போக வேண்டும். நடுப் பாட்டில் மூடியில் மட்டும் காற்று கசியாதபடி மெழுகோ களிமண்ணோ வைத்து அடையுங்கள். சூடு ஆணியால் துளை போடுவது பெரியவர்கள் வேலை.

ஒன்றாவதிலும் நடுவிலும் குங்குமம் கரைத்த தண்ணீரை நிரப்புங்கள். ஒன்றாவது பாட்டில் மேலறை, நடுப் பாட்டில் கீழறை, மூன்றாவது உடம்பு. இப்போது முதல் டியூபை விரலால் நசுக்கிக்கொண்டு நடுப் பாட்டிலை அமுக்குங்கள். தண்ணீர் மூன்றாவதுக்குப் போகும். அமுக்கிய கையை விடுவதற்கு முன், இரண்டாவது டியூபை நசுக்கி முதல் டியூபைத் திறங்கள். இப்போது கையை விட்டால் நடுப் பாட்டில் விரிந்து, ஒன்றாவதிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நசுக்கு, அமுக்கு, மாற்று, விடு. நாலைந்து தடவைக்குள் கை பழகிவிடும்.

அதன்பிறகு வேண்டுமென்றே தப்பு செய்யச் சொல்லுங்கள். எந்த டியூபையும் நசுக்காமல் பாட்டிலை அமுக்கட்டும். தண்ணீர் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். எவ்வளவு அமுக்கினாலும் மூன்றாவது பாட்டில் நிரம்பத் தாமதமாகும், கை வலிக்கும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போனால் என்ன ஆகும் என்று எந்த விவசாயி வீட்டுப் பிள்ளையும் சொல்லும். குழாயில் ஏறிய தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும், மோட்டார் சும்மா சுற்றும். அடிபம்பில் வாசர் தேய்ந்தாலும் அதே கதைதான்.

இதயத்திலும் இந்தக் கதவு பழுதாகும். குழந்தைகளுக்கு அது நடக்கும் ஒரு வழி தொண்டையில் ஆரம்பிக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒருவகை பாக்டீரியாவால் தொண்டை புண்ணாகும். சரியாகச் சிகிச்சை எடுக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி மூட்டு வலியும் வரும். ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். 5 முதல் 15 வயதுக்குள் அதிகம். மூட்டு வலி போய்விடும், ஆனால் இதய வால்வில் தழும்பு தங்கிவிடலாம். கதவு சரியாக மூடாது, சில சமயம் சரியாகத் திறக்காது. எல்லாத் தொண்டை வலியும் இப்படி ஆவதில்லை. இருந்தாலும் காய்ச்சலோடு வரும் கடுமையான தொண்டை வலிக்கு மெடிக்கலில் நாமே மாத்திரை வாங்கிக் கொடுக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வால்வு பாதித்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று பல வருடம் போட வேண்டியிருக்கும். "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தத் திட்டத்தில், பிறவி இதயக் குறைபாடும் ருமாட்டிக் இதய நோயும் கவனிக்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கின்றன. குழு வரும் நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். விளையாடும்போது சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்பது போன்ற விஷயங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

வாளிக் கணக்கும் ஐந்தருவியும்

இருமல் மருந்து பாட்டிலின் மேல் ஒரு சின்ன அளவு மூடி இருக்குமே, அதில் ஏழு மூடி தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் கோடு போடுங்கள். மூடி 10 மில்லி என்றால் மொத்தம் 70 மில்லி. ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுவது ஏறக்குறைய இவ்வளவுதான். இரண்டு வாளி வைத்து, அந்த டம்ளர் கோடு வரை மொண்டு மொண்டு ஒரு நிமிடத்தில் 70 தடவை மாற்றச் சொல்லுங்கள். வகுப்பே சிரிக்கும், தரையெல்லாம் தண்ணீர் ஆகும். மாற்றிய தண்ணீரை அளந்தால் சுமார் 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்கு ஏழும் நிரம்பி மிச்சம்.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி. உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம்? அதுவும் சுமார் 5 லிட்டர்தான். அப்படியானால் ஒவ்வொரு நிமிடமும் தள்ளுவதற்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக மருத்துவர்கள் நம்பி வந்தது கேலன் சொன்னதை: சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது. இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி நம் வாளிக் கணக்கு மாதிரியே ஒரு கணக்குப் போட்டார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தமே உடம்பில் இருப்பதைவிட அதிகம் என்று வந்தது. அவ்வளவையும் சாப்பாட்டிலிருந்து செய்ய முடியாது. போன ரத்தமேதான் திரும்பி வர வேண்டும். 1628-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் காட்டிய சோதனை ஒன்றை நீங்கள் தாத்தாவின் கையிலேயே செய்யலாம். முழங்கையில் நரம்பு போல் புடைத்துத் தெரிவது நரம்பு இல்லை, சிரை. உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய். நேராக ஓடும் ஒரு சிரையை மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் மெதுவாக அமுக்குங்கள். அப்படியே இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக நீவிவிட்டு, அந்த விரலை எடுங்கள். நீவிய இடம் தட்டையாகவே இருந்தால், மேலே உள்ள ரத்தம் கீழே இறங்காதபடி உள்ளே ஒரு கதவு தடுக்கிறது என்று அர்த்தம். மணிக்கட்டுப் பக்க விரலை எடுங்கள், குழாய் கீழிருந்து நிரம்பும். கதவு இல்லாத இடமாக மாட்டினால் இன்னொரு சிரையில் பாருங்கள்.

இப்போது ஐந்தருவிக்கு வருவோம். பழத்தோட்ட அருவிப் பக்கமிருந்து வரும் தண்ணீர் பாறை மேல் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. ஒரே ஓடை பல கிளையாகும் இந்தக் காட்சியைப் பெருந்தமனி கிளை கிளையாகப் பிரிவதற்கு உதாரணமாகச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அருவி தானாக விழுகிறது, யாரும் தள்ளவில்லை. ரத்தம் அப்படிக் கிடையாது. அதைவிடப் பெரிய வித்தியாசம்போலத் தெரிவது, அருவித் தண்ணீர் திரும்பி வருவதில்லை என்பது. பிள்ளைகளிடம் கேளுங்கள்: நேற்று உன் தலையில் விழுந்த தண்ணீர் இன்று எங்கே?

அது சிற்றாற்றில் சேரும், சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கும், புன்னைக்காயல் பக்கம் கடலில் போய் விழும். கடல் நீர் ஆவியாகும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மலையில் மோதும். மழையாகும். மறுபடி ஐந்தருவி. அதே துளிதான் வரும் என்று இல்லை, ஆனால் வட்டம் வட்டம்தான். நம்மூர் சீசன் என்பதே அந்த வட்டத்தின் ஒரு முனை. ஹார்வியும் ரத்தச் சுற்றோட்டத்தை விளக்க இந்த மழைச் சுழற்சியைத்தான் உவமையாக எடுத்தார் என்பது எனக்குப் பிடித்த தகவல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு விடை கிடைக்கவில்லை: தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகத் தாண்டுகிறது? அந்த நுண்ணிய தந்துகிகளைத் தவளையின் நுரையீரலில் மைக்ராஸ்கோப் வழியாக 1661-ல் பார்த்துச் சொன்னவர் இத்தாலியின் மால்பிகி.

தரையில் நான்கு அறை

பள்ளி மைதானத்தில் சாக்பீஸால் பெரிதாக நான்கு கட்டம் போடுங்கள். ஒரு பக்கம் தள்ளி நுரையீரல், இன்னொரு பக்கம் தூரத்தில் உடம்பு. நாலு வாசலிலும் இரண்டிரண்டு பேர் கைகோத்து நிற்கட்டும். அவர்கள்தான் வால்வு, ஒரு பக்கமாக மட்டும் வழி விடுவார்கள். மற்றவர்கள் ரத்தச் சிவப்பணுக்கள். நுரையீரலில் ஒரு சிவப்பு அட்டை வாங்கி, இடது மேலறை, இடது கீழறை வழியாக உடம்புக்குப் போய்க் கொடுத்துவிட்டு, நீல அட்டையோடு வலது மேலறை, வலது கீழறை வழியாக மறுபடி நுரையீரல். ஒரு சுற்று முடிவதற்குள் இதயத்துக்குள் இரண்டு தடவை நுழைந்தோம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நீலம் படத்துக்காக மட்டும்தான், ரத்தம் எப்போதும் சிவப்புதான், ஆக்சிஜன் குறைந்தால் அடர் சிவப்பு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீட்டில், ஆட்டு இதயம் கிடைத்தால் பெரியவர் ஒருவர் குறுக்கே வெட்டிக் காட்டலாம். இடது கீழறையின் சுவர் வலதைவிட நன்றாகத் தடிமனாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளும் அறையும், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளும் அறையும் ஒன்றாக இருக்க முடியாதே. பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இதயத்தின் வேலையைக் கை செய்யும்போது

இதயம் ஓய்வே எடுப்பதில்லை என்று பேச்சுப் போட்டியில் சொல்வார்கள். அது ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஓய்வெடுக்கிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி, அதில் கீழறைகள் சுருங்குவது சுமார் 0.3 வினாடி, தளர்ந்து நிரம்புவது சுமார் 0.5 வினாடி. இதயத் தசைக்குச் சாப்பாடு கொண்டுவரும் தனிக் குழாய்களில் பெரும்பாலும் ரத்தம் பாய்வதும் அந்தத் தளர்வு நேரத்தில்தான். தண்ணீர் லாரி ஓட்டுபவர் டேங்கரிலிருந்து குடிப்பதில்லை, தனி பாட்டில் வைத்திருப்பார்; அது மாதிரி. அந்தத் தனிக் குழாய் அடைபட்டால் மாரடைப்பு.

நடு நெஞ்சில் கல் வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை இருந்தால் "கேஸ் பிடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டியவை அவை, நாமே வாங்கி விழுங்குவதற்கு இல்லை.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. ஒருவர் விழுந்து, தட்டிக் கூப்பிட்டாலும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால், 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மார்பை அமுக்கத் தொடங்க வேண்டும். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் ரோட்டில் வண்டி எவ்வளவு வேகமாக நகரும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் கைதான் இதயம்.

பள்ளியில் இதைத் தலையணையில் பழகலாம். உயிருள்ள ஆளின் மார்பில் விளையாட்டுக்குக்கூட அமுக்கக் கூடாது. மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், உள்ளங்கை அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல், பெரியவர்களுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. செல்போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றை 110-ல் வைத்துக்கொண்டால் வேகம் பிடிபடும். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். ஏன் என்று பாட்டில் செய்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "கையை விட்டாத்தான் நிரம்பும்" என்று சொல்லும். தண்ணீரில் மூழ்கியவருக்கு இதோடு வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும். அதை முறையான பயிற்சியில்தான் கற்றுக்கொள்ள முடியும். 12 வயது முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற உலகளாவிய முயற்சியை உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே ஆதரித்திருக்கிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. கருத்தாளர் அடுத்த முறை வரும்போது மூன்று பாட்டில் சோதனையைச் செய்யலாமா என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். பாடத்தின் காணொலிகள் மணற்கேணி செயலியில் உண்டு. செய்து முடித்த பாட்டில்களைக் கழுவிப் பிளாஸ்டிக் கழிவில் சேருங்கள், அருவிப் பக்கம் போட்டுவிட்டு வராதீர்கள்.

ஈர்க்கு வைத்து நாடி பார்க்கக் கற்ற பிள்ளையிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, வீட்டில் உள்ள எல்லாருடைய துடிப்பையும் ஒரு வாரம் காலையில் எழுந்ததும் எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்கு ஓய்விலேயே 100-க்கு மேல் தொடர்ந்து வந்தாலோ, துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தாலோ, மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் நாளில் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். நடுவில் சந்தேகம் என்றால் 104-ல் கேட்கலாம்.